அவருக்காக நான் குடித்த மர்சியாக்

"இதை நீங்கள் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்ல வேண்டும்" என்றார் ரெனே.

செம்பூரில், தோட்டத்தைப் பார்த்த ஓர் அறை. மதியச் சாப்பாட்டுத் தட்டு ஸ்டூலின் மேல் தொடப்படாமல் இருந்தது. வேகவைத்த காரட்டின் மீது ஒரு ஈ. ஜன்னல் வழியாக வந்த காற்றில் உரத் தொழிற்சாலையின் நெடி. தலையணைகளில் சாய்ந்திருந்த அந்தப் பிரெஞ்சுக்காரரின் முகம், கழுத்து, கண்ணின் வெள்ளை எல்லாமே மஞ்சள். இரண்டு கையாலும் ஒரு கறுத்த பாட்டிலைப் பிடித்திருந்தார். உள்ளே இருப்பது என்ன நிறம் என்றுகூட வெளியே தெரியவில்லை.

நான் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டிருந்தேன்.

"கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், மிஸ்டர் ரெனே."

"எனக்குத்தானே கூடாது? உங்களுக்குக் கூடாது என்று சொல்லவில்லையே?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதைக் கவனித்ததும் அவர் சிரிப்பும் நின்றுவிட்டது.

"எனக்கு அதை எந்த டாக்டரும் சொல்ல வேண்டியதில்லை" என்றேன். தெர்மாமீட்டரை அதன் உறைக்குள் செருகினேன். ஒரு தடவையில் செருக முடியவில்லை. வராந்தாவுக்கு வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்று முழுவதும், மருந்து கொடுக்கும் நேரம் தவிர, அந்த அறைக்குள் நான் போகவில்லை.

சிஸ்டர் என்று ஒருத்தி

இந்தத் தொடரில் இதுவரை ஆஸ்பத்திரி வார்டுகளைப் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட காலத்தை ஏன் தொடவே இல்லை என்று கோரேகாவ் வாசகி ஒருவர் கேட்டிருந்தார். தொடாததற்குக் காரணம் அந்தக் கறுத்த பாட்டில்தான். அதைச் சொல்லாமல் அந்தக் காலத்தைச் சொல்ல முடியாது. சொன்னால் என்ன நினைப்பார்களோ என்ற பயம் இத்தனை வயதிலும் கொஞ்சம் இருக்கிறது.

அறுபதுகளின் நடுவாக்கில் நான் ஆஸ்பத்திரி வேலையை விட்டிருந்தேன். நர்ஸுகளை வீடுகளுக்கு அனுப்பும் ஓர் ஏஜென்சி மூலம் பகல் டியூட்டி மட்டும் பார்த்தேன். ஒரு வீட்டில் பிரசவம், இன்னொரு வீட்டில் பக்கவாதம். எல்லா வீட்டிலும் நான் சிஸ்டர். "சிஸ்டர், தண்ணீர்." "சிஸ்டர், இங்கே வாங்க." சுகிர்தம் என்று ஒரு பெயர் இருப்பது எனக்கே சில நாள் மறந்துபோகும்.

வீடு என்று இருந்தது தாராவியில் ஓர் ஒற்றை அறை. அங்கே என்னைப் பெயர் சொல்லாமல் அக்கா என்று கூப்பிட ஒருவன் இருந்தான். அவன் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

செம்பூர் வீட்டுக்குப் போனது அதற்குப் பிறகுதான். ரெனே ஐம்பதைத் தாண்டியவர். செம்பூருக்கு அந்தப் பக்கம் புதிதாக எழும்பிய தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்த வந்தவர். கூட வந்த பிரெஞ்சுக்காரர்கள் வேலை முடிந்து திரும்பிவிட்டார்கள். இயந்திரம் ஓடும்வரை பார்த்துக்கொள்ள இவர் ஒருவர் மட்டும் தங்கினார். இயந்திரம் ஓடியது, இவர் மஞ்சள் காமாலையில் படுத்தார். மனைவி இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. அவர் மொழி பேச அந்த வட்டாரத்தில் ஓர் உயிர் கிடையாது.

நானும் அவரும் ஆங்கிலத்தில்தான் பேசினோம். இருவருக்குமே அது கடன் வாங்கிய மொழி. இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன். உண்மையில் பாதி கையசைவு.

சமையலுக்கு செல்லையா அண்ணன் இருந்தார். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர், தாராவியில் எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி வீடு. ரெனேயைப் பம்பாய் வழக்கப்படி சாப் என்பார். எண்ணெய் சேர்க்காமல் சமைக்கச் சொன்னது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

"என்னத்தப் போட்டாலும் சாப் திங்க மாட்டேங்குதாரு சிஸ்டரம்மா. நம்ம ஊருன்னா கீழாநெல்லிய அரைச்சுக் குடுத்து இதுக்குள்ள எழுப்பி உக்கார வச்சிருப்போம்."

"டாக்டர்ட்ட சொல்லிப் பாருங்கண்ணே."

"சொன்னேனே. என்னய வெளிய போன்னுட்டாரு."

ரப்பர் வாடை

இப்போது என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்நாளைய பம்பாயில் மதுவிலக்கு. குடிக்கப் பர்மிட் வேண்டும். வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும். உள்ளூர்க்காரர் தமக்கு வியாதி என்று டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும். இரண்டும் இல்லாதவர்களுக்குக் கள்ளச்சாராயம். கார் டயருக்குள் போடும் ரப்பர் ட்யூபில் அடைத்து, தோளில் மாட்டி, மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு சாக்கடை ஓரமாகக் கொண்டுவருவார்கள். வெல்லமும் அழுகிய பழமும் ரப்பரும் கலந்த ஒரு வாடை சில சந்துகளில் பகலிலேயே வரும். போலீஸ் ஹவல்தார் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போவார்.

சாமுவேல் என்னைவிட எட்டோ ஒன்பதோ வயது இளையவன். நான்தான் அவனைப் பம்பாய்க்கு வரவழைத்தேன். ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை. வந்த வேகத்தில் இந்தி பிடித்துக்கொண்டான். குழாயடியில் மராட்டிக்காரப் பெண்களைச் சிரிக்க வைப்பான். நான் டியூட்டி முடிந்து வந்தால், அன்று பார்த்ததையெல்லாம் அவனிடம் கொட்டுவேன். அவன் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பான். "அப்புறம்க்கா?" என்பான். அந்த "அப்புறம்க்கா" கேட்கத்தான் நான் நாள் முழுக்க விஷயம் சேர்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவன் குடிகாரன் இல்லை. கூட வேலை செய்தவன் வீட்டுக் கல்யாணத்தில் எல்லோரும் குடித்தார்கள், இவனும் குடித்தான். மறுநாள் மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். வெளியே நல்ல வெயில்.

"அக்கா, ஏன் ஜன்னல அடச்சிட்ட?" என்றான்.

ஜன்னல் திறந்திருந்தது. நர்ஸ் என்பதால் அந்தக் கணமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? டாக்சியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பார்வை திரும்பவில்லை. அவனும் திரும்பவில்லை. கடைசிவரை அவன் மூச்சில் அந்த ரப்பர் வாடை இருந்தது.

இதற்குப் பிறகுதான் ஒரு மனிதர் என்னைப் பார்த்து, இதைக் குடித்துச் சொல்லுங்கள் என்றார்.

மோரியில் கொட்டியது

மறுநாள் நானே அவரிடம் சாமுவைப் பற்றிச் சொன்னேன். கோபமாக ஆரம்பித்தேன். ஜன்னலைப் பற்றிச் சொல்லும்போது அந்தக் கோபம் இல்லை. கேட்டு முடித்ததும் அவர் செல்லையா அண்ணனைக் கூப்பிட்டார். கட்டிலுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி. வைக்கோலுக்குள் ஒயின் பாட்டில்கள்.

"எல்லாவற்றையும் எடுத்துப் போய்க் கொட்டிவிடு. ஒன்றுகூட இந்த வீட்டில் இருக்கக் கூடாது."

அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

தோட்டத்து மூலையில் பாத்திரம் கழுவும் மேடையும் சாக்கடையும்; பம்பாயில் அதற்கு மோரி என்று பேர். அண்ணன் அங்கே குந்தி உட்கார்ந்து, தக்கை திருகியோடு மல்லுக்கட்டினார். ஏதோ ஒரு பேசினைக் கழுவும் சாக்கில் நானும் போய் நின்றேன்.

"இதுக்கு என்ன பேரு சிஸ்டரம்மா? சாப் என்னமோ சொல்லுதாரு."

"மர்சியாக்."

"மரிச்சாச்சா? பேரே வெளங்கலையே!"

தக்கை விடுபட்டது. அண்ணன் பாட்டிலைக் கவிழ்த்தார். சிமெண்டின் மேல் கருஞ்சிவப்பாக ஓடியது. வாசனை எழுந்து வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? விட்டு இழுத்தேன்.

ரப்பர் வாடை இல்லை. என் தம்பி மூச்சில் இருந்தது எதுவுமே அதில் இல்லை. பழம், மரம், மழை விழுந்த மண் என்று ஏதேதோ நினைவுக்கு வந்தது.

அண்ணன் இரண்டாவது பாட்டிலைக் கையில் எடுத்தார். முந்தைய நாள் அந்த மனிதர் அதை இரண்டு கையாலும் பிடித்திருந்த விதம் என் கண்ணில் வந்தது. ஊரிலிருந்து கப்பலில் வந்த பெட்டி. அவரிடம் அவர் ஊர் என்று இருந்தது அது ஒன்றுதான். யாரோ ஒரு நர்ஸின் தம்பிக்காக அதை மோரியில் கொட்டச் சொல்கிறார்.

"நிறுத்துங்கண்ணே" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்டால் இன்றுவரை முழுப் பதில் கிடையாது. எனக்காக ஒருவர் எதையாவது விட்டுக்கொடுத்து வெகுகாலமாகியிருந்தது. அது ஒரு காரணம். இன்னொன்று, என் தம்பி என்னத்தைத் தேடிப் போனான் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. இத்தனை மாதமும் அதைச் சபித்திருக்கிறேனே தவிர, அது என்னவென்று எனக்குத் தெரியாது. எங்கள் வேதக்கோயிலில் திருவிருந்தின்போது நாக்கில் படும் இனிப்பான திராட்சரசம் மட்டுமே எனக்குத் தெரியும்.

துவர்ப்பு

மருந்து அளக்கும் சின்னக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். ரெனே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் திரும்பினார். கிளாஸைப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தார்.

நான் குடித்தேன்.

முதலில் நாக்கு பின்வாங்கியது. பிறகு கன்னத்தின் உட்பக்கம் சுருங்கிப் பல்லோடு ஒட்டிக்கொண்டது. துப்பிவிடத்தான் நினைத்தேன்.

"புளிப்பு" என்றேன்.

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "சரி. அப்புறம்?"

அந்த "அப்புறம்" என்னை என்னவோ செய்தது. இன்னொரு வாய் குடித்தேன்.

"துவர்ப்பு" என்று தமிழிலேயே வந்தது. ஆங்கிலத்தில் அதற்கு என்ன என்று தெரியவில்லை. கன்னத்தை உள்ளே இழுத்துக் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை. வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அண்ணனிடம் சொன்னேன். அவர் தோட்டத்துக் கொய்யா மரத்திலிருந்து ஒரு பிஞ்சைப் பறித்து, கீறிக் கொண்டுவந்தார். ரெனேயிடம் நீட்டினேன். மென்றார். முகம் கோணியது. பிறகு கண் விரிந்தது.

"ஆ! துவர்ப்!" என்றார். அவர் பாஷையிலும் அதற்கு ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு அது பிடிபடவில்லை.

"அப்புறம்?"

"ஒரு டானிக் இருக்கிறது. ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்குக் கொடுப்போம். அது குடித்தபின் நாக்கில் நிற்குமே, அந்த ருசி. இரும்பு."

அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இரும்பா? இரும்பு என்றா சொன்னீர்கள்?"

"ஆமாம். தப்பாகச் சொல்லிவிட்டேனா?"

"இல்லை, இல்லை. எங்கள் மண் முழுக்க இரும்பு. சிவப்பு மண். சொல்லுங்கள், வேறு?"

"கடைசியில், தொண்டையில் இறங்கும்போது, பேரீச்சம்பழம். காய்ந்துபோன பேரீச்சம்பழம்."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. ஒரு நொடிதான். என் ஆங்கிலம்தான் கோளாறு என்று நினைத்தேன்.

"நல்லது" என்றார். "மிகவும் நல்லது."

அன்று மதியத் தட்டைக் கேட்டு வாங்கி, ஆறிப்போன காரட்டை முழுக்கச் சாப்பிட்டார். செல்லையா அண்ணன் காலித் தட்டை எனக்குக் கொண்டுவந்து காட்டினார்.

ஒரு கிளாஸ் பேச்சு

அதன் பிறகு தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மருந்துக் கிளாஸ். அதற்கு மேல் நான் குடித்ததில்லை, அவரும் கேட்டதில்லை. நான் ருசியைச் சொல்வேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். என் வார்த்தை ஒவ்வொன்றிலிருந்தும் அவருக்கு ஏதாவது ஒன்று நினைவுக்கு வரும்.

மர்சியாக் என்பது ஒரு பள்ளத்தாக்காம். தெற்கு பிரான்சில் மலைகளுக்கு நடுவே இருக்கிறதாம். நடந்தால் செருப்பு சிவந்துவிடும். சரிவு செங்குத்தாக இருப்பதால் திராட்சை பறிப்பவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொள்வார்களாம். பக்கத்து ஊரில் நிலக்கரிச் சுரங்கம். கரி படிந்த முகத்தோடு மேலே வரும் ஆட்கள் முதலில் கேட்பது இந்த ஒயினைத்தான். அவர்களுக்காகத்தான் அது விளைந்தது. பாரிஸில் ஒரு ஓட்டலில் இவர் மர்சியாக் கேட்டபோது, பரிமாறுபவன் அது என்ன மருந்தா என்று கேட்டானாம்.

"பிரான்சிலேயே தெரியாது. உங்களுக்குத் தெரிகிறது" என்பார்.

மனைவியைப் பற்றி ஒரு நாள்தான் பேசினார். அடுத்த சரிவில் பிறந்தவளாம். அவள் போன பிறகு வெளிநாட்டு வேலை எது வந்தாலும் ஒத்துக்கொண்டாராம்.

"வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால் அது நான்தான். வேறு யாராகவும் இருக்க முடியாது. அது தாங்கவில்லை" என்றார்.

எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல நினைத்தேன். தாராவியில் எனக்கு நாற்காலி இல்லை. பாத்திரச் சத்தம்தான்.

வீட்டுக்குப் போகும்போது வாடை தெரியாதிருக்க, சயான் வரை பஸ்ஸில் ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வேன். பிடித்தால் பர்மிட் இல்லாத குற்றம். அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. அது சீக்கிரமே வந்தது.

குழாயடி

எங்கள் வரிசையில் மேரி அக்கா என்று ஒருவர். கோயிலில் பெண்கள் சங்கத்தை நடத்துபவர். சாமு போன நாளில் என்னைத் தன் மடியில் போட்டுக்கொண்டவர் அவர்தான். அதையும் சொல்ல வேண்டும்.

காலையில் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தேன்.

"ஏட்டி சுகிர்தம், ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. நெசமா பொய்யான்னு நீயே சொல்லிரு" என்றார் மேரி அக்கா.

"என்ன பேச்சுக்கா?"

"செம்பூர்ல வெள்ளக்காரன் கூட ஒக்காந்து நீ குடிக்கியாமே?"

"கூட ஒக்காந்து குடிக்கலக்கா. அவருக்குக் காமால. அவரு குடிக்கக் கூடாது. நான் மட்டுந்தான் குடிச்சேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று எனக்கு உறைத்தது.

"அது அதவிட மோசம்லாட்டி! தம்பியப் பறிகுடுத்து வருசம் திரும்பல. அந்த வெசத்தயா நீயும் தொட்ட?"

"அது வெசம் இல்லக்கா."

"சாமுவும் அப்பிடி நெனச்சித்தாம்ட்டி குடிச்சான்."

என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வேறொருத்தி குனிந்து குழாயை மூடினாள்.

சாமுவின் முதல் வருஷ நினைவு நாள் வந்தது. வீட்டில் வைத்த ஜெபத்துக்கு எல்லோரையும் நேரில் போய் அழைத்தேன். யாரும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. பாயை விரித்து, பெரிய பாத்திரத்தில் காபி போட்டு, மாலை வெளிச்சம் இருக்கும்போதே கதவைத் திறந்து வைத்தேன். சந்தில் காலடிச் சத்தம் கேட்கும்; கடந்து போகும்.

வந்தது செல்லையா அண்ணன் ஒருவர்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வாசலிலேயே நின்றார்.

"எல்லாம் எம் வாயால வந்தது சிஸ்டரம்மா. சும்மா சிரிச்சிக்கிட்டே ரெண்டு பேருட்ட சொன்னேன். இப்பிடி ஆவும்னு நெனைக்கல."

"உள்ள வாங்கண்ணே."

"உங்க செபமெல்லாம் எனக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியும். நீங்க ஒக்காந்தாப் போதும்."

பாயின் ஓரத்தில் கை கட்டி உட்கார்ந்தார். நான் ஒரு சங்கீதம் வாசித்தேன். சாமுவுக்குப் பிடித்த பாட்டைத் தனியாகப் பாட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன். அண்ணன் இரண்டு டம்ளர் காபி குடித்தார். மிச்சக் காபி மறுநாள் காலைவரை பாத்திரத்தில் ஆடை கட்டிக் கிடந்தது.

கப்பலுக்கு முந்தைய நாள்

ரெனேயின் கண் வெளுத்தது. நடக்க ஆரம்பித்தார். கம்பெனி திரும்பி வரச் சொன்னது. கப்பலில் இடமும் கிடைத்துவிட்டது. கடைசியாகப் பார்க்க வந்த பார்ஸி டாக்டரிடம் அவர் ஏதோ கெஞ்சினார். டாக்டர் ஒற்றை விரலைக் காட்டினார். "ஒரே ஒரு வாய். அதுவும் எனக்குத் தெரியாமல்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பெட்டியில் இருந்த கடைசி பாட்டிலை ரெனே தானே திறந்தார். எனக்கு மருந்துக் கிளாஸ், அவருக்கு ஒரு சின்னக் கோப்பை. மூக்கருகே கொண்டுபோனார். ஒரு வாய் எடுத்து, வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"எப்படி இருக்கிறது?" என்று இந்த முறை நான் கேட்டேன்.

"கெட்டுப்போய்விட்டது" என்றார். குரலில் வருத்தம்கூட இல்லை. "கப்பலின் அடித்தட்டில் வெந்திருக்கும். இல்லை, இந்த ஊர் வெயிலில். நான் ஊரில் குடித்தது இது இல்லை."

எனக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை.

"அப்படியென்றால் நான் இத்தனை நாள் சொன்னதெல்லாம்?"

"நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள். முதல் நாளே பேரீச்சம்பழம் என்றீர்கள். நல்ல மர்சியாக்கில் அந்த ருசி வராது. சூட்டில் வெந்ததில்தான் வரும். அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது."

நான் எழுந்துவிட்டேன். குழாயடி கண்ணில் வந்தது. விரித்த பாய் வந்தது. ஆடை கட்டிய காபி வந்தது. கெட்டுப்போன ஒன்றுக்காகவா?

"தெரிந்துமா என்னைத் தினமும் குடிக்க வைத்தீர்கள்? இதனால் எனக்கு என்னவெல்லாம் ஆயிற்று தெரியுமா?"

தெரியாது என்றார். சொன்னேன். நின்றுகொண்டே, குழாயடியில் ஆரம்பித்து, நினைவு நாள்வரை சொன்னேன். அவர் தலை குனிந்து கேட்டார்.

"மன்னியுங்கள்" என்றார் கடைசியில். "நீங்கள் இரும்பு என்றும் சொன்னீர்கள். கெட்ட பிறகும் அந்த மண் அதில் இருந்திருக்கிறது. உங்கள் வாயால் கேட்காவிட்டால் எனக்கு அது தெரிந்திருக்காது." ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கெட்டுவிட்டது என்று சொல்லியிருந்தால் அன்றோடு நிறுத்தியிருப்பீர்கள். மறுபடியும் வராந்தா நாற்காலிக்குப் போயிருப்பீர்கள்."

என் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் உட்கார்ந்தேன். கடைசியில் அவர் சொன்னது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. என்னை யாராவது கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்த வராந்தா நாற்காலி எனக்கும் பிடிக்காது.

அவர் தன் கோப்பையில் மிச்சமிருந்ததை என் பக்கம் தள்ளினார்.

"இன்று ஒரு தடவை. சொல்லுங்கள்."

எடுத்துக் குடித்தேன். புளிப்பு என்றேன். துவர்ப்பு என்றேன். பேரீச்சம்பழம் என்றபோது அவர் சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன். அந்த வீட்டில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். இரும்பு என்றபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். செல்லையா அண்ணன் வாசலில் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

மறுநாள் அவர் கப்பலேறினார். துறைமுகத்துக்குப் போய் வழியனுப்பும் வழக்கம் நர்ஸுகளுக்குக் கிடையாது. ஏஜென்சி என்னை மாட்டுங்காவில் ஒரு பிரசவத்துக்கு அனுப்பியது. அவரைப் பற்றி அதன் பிறகு எந்தச் செய்தியும் இல்லை. மேரி அக்கா என்னோடு பேச வெகுநாள் ஆயிற்று. பேசிய பிறகும் பழைய பேச்சாக அது இல்லை. நான் வேறு எந்த மதுவையும் தொட்டதில்லை. நல்ல மர்சியாக் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.

ஆனால் அந்தக் கடைசி நாள் சாயங்காலம் சயானில் இறங்கி நடந்து வந்தபோது வாயில் கிராம்பு போட்டுக்கொள்ளவில்லை. அறையைத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்து, பாத்திரத்தைக் கழுவ உட்கார்ந்தேன். சந்தில் பிள்ளைகள் இரைந்துகொண்டிருந்தார்கள். நாள் முழுக்க நடந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. அவன் போன பிறகு ஒரு வருஷமாக அந்த அறையில் தனியாக இருக்கையில் நான் வாய்விட்டுப் பேசியதே இல்லை. அன்று பேசினேன்.

"ஏல சாமு, கேளு" என்றேன். "மொதல்ல புளிக்கும்."